துரைசானி சொன்னதில் பாதி

வேலாமணி புல்லுக்கட்டைத் தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பட்லர் ஜஸ்டஸ் சமையல்கட்டு ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே பீங்கான் கோப்பையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கோப்பைதான்.

நல்ல பச்சைக் கட்டு. ஆனி மழை விட்டு விட்டுப் பெய்ததிலும், நடுவில் அடித்த வெயில் புழுக்கத்திலும் பங்களாப் புல்தரை கணுக்கால் உயரம் வந்துவிட்டது. தடம் விழாமல் இருக்கக் காளைக்குத் தோல் பூட்ஸ் மாட்டி, புல் வெட்டுகிற மிஷினைப் பூட்டி, வேலாமணியின் புருஷன் லிங்கசாமி நேற்றிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறார். வெட்டின புல் தோட்டக்காரர் வீட்டு மாட்டுக்கு. இந்த எஸ்டேட்டில் அது எழுதாத சட்டம். எந்தத் துரையும் அதில் கை வைத்ததில்லை.

இந்தத் துரைசானிதான் முதல்முறையாகக் கை வைத்தார்.

மழைக்குக் கிளம்பிய மண்புழுக்கள் புல்தரை முழுக்க மண்ணை உருண்டை உருண்டையாகத் தள்ளி வைத்திருந்தன. துரைசானிக்கு அது ஆகவில்லை. மதராஸிலிருந்து ஒரு டின் தருவித்து, ஜஸ்டஸைக் கூப்பிட்டார். பொடியை மணலில் கலந்து தூவச் சொல். கையை நன்றாகக் கழுவச் சொல். இந்த மாதம் முழுக்க வெட்டுகிற புல்லை எரித்துவிடச் சொல். ஒரு மாடும் அதில் வாய் வைக்கக் கூடாது, கொடிய விஷம் என்றார்.

துரைசானிக்குத் தமிழ் வராது. லிங்கசாமிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் ஜஸ்டஸ். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

பூசாரி பாதிதான் கொடுத்தார். தூவச் சொன்னார், கை கழுவச் சொன்னார். புல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. மண்டையோடு போட்ட டின்னை உள்ளேயே வைத்துக்கொண்டு, மணலில் கலந்ததை மட்டும் வாளியில் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதுபோலப் புல்லுக்கும் ஒன்று என்று லிங்கசாமி நினைத்துக்கொண்டார்.

ஜஸ்டஸின் கோபம் சின்னக் கோபமில்லை. சித்திரையில் துரையின் பிராந்தி குறைந்தபோது காட்டிக்கொடுத்தது லிங்கசாமி. துரை அடிக்கவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. காளையை அவிழ்த்துவிட்டு, வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற ஜஸ்டஸைப் புல்தரை ரோலரை இழுக்கச் சொன்னார். கொழுந்து பறிக்கப் போன பெண்களெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கோணலாகப் போகிறது, இந்தப் பக்கம் இழுங்க என்று லிங்கசாமி பின்னாலேயே வழி சொல்லிக்கொண்டு வந்தார். மாட்டுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அதைத்தான் ஜஸ்டஸால் பொறுக்க முடியவில்லை.

லிங்கசாமிக்குச் சொத்து என்று இருப்பது அந்த ஒரு மாடுதான். அது போனால் ஆள் ஒடிந்துவிடுவார். ஒடியட்டும் என்று நினைத்தபோது ஜஸ்டஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நேற்று முதல் கட்டு வாசல் தாண்டியபோதும் குளிர்ந்தது.

இன்றைக்கு அவ்வளவு குளிரவில்லை.

கட்டு ஆடி ஆடிப் பின்வாசலை நோக்கி வந்தது. வாயில்லாத ஜீவன் என்ன பாவம் செய்தது என்று ஒரு நினைப்பு. ஜஸ்டஸ் கோப்பையை வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றார். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். மறந்துபோனேன் என்றால் முடிந்தது, யார் கேட்கப் போகிறார்கள்.

வேலாமணி பக்கத்தில் வந்தாள். ஜஸ்டஸ் ஒதுங்கி வழி விட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அவளே நின்றாள். புல்லுக்கடியிலிருந்து கண்ணை மட்டும் உயர்த்தி, வீட்டுப் பக்கம் எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். துரைக்கு விருந்தாளிகள் வந்ததிலிருந்து ஜஸ்டஸ், தன் வீடும் லிங்கசாமி வீடும் இருக்கிற ஜெகதளாவுக்கு இறங்கவே இல்லை, படுக்கையும் பங்களாவில்தான். மனைவி பியாட்ரிஸ் பிள்ளை பெற்று இன்னும் மாதம் முடியவில்லை. விருந்தாளிகள் கிளம்பட்டும் என்று முனகினார்.

போக அடியெடுத்தவள் தயங்கித் திரும்பினாள். மறைத்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க பட்லரண்ணா, கோவிச்சுக்காதீங்க. அக்காளுக்குப் பால் வத்திப்போச்சுங்க, கொழந்தைக்கு எங்க மாட்டுப் பாலத்தான் ஊத்திட்டிருக்கறனுங்க. எங்கூட்டுப் பாலுன்னா உங்களுக்கு ஆகாது, சொல்லாதேன்னாங்க அக்கா. இன்னைக்கு விடியால மாடு தண்ணியே குடிக்காம தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. ஆனாலும் கொழந்த அழுகுமேன்னு கறந்து குடுத்துட்டுத்தான் வந்தனுங்க."