பேச்சுத் தேர்வுக்கு ஒரு ஜோடி

"நாளைக்கே ஸ்கூலுக்கு வந்து உன் ஜோடியை மாத்தச் சொல்றேன்" என்றாள் டெலித், தன் பஸ் டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ஐயோ, வேணாம்மா. மானம் போயிடும்" என்றாள் மகள் பெக்கா.

வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் பேச்சுத் தேர்வு நெருங்கிவிட்டது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து வெல்ஷில் உரையாட வேண்டும். பெக்காவுக்கு வாய்த்த ஜோடி டெஸ்னி, இந்த வருஷம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பெண்.

"நேத்து வருவேன், நாளைக்கு வந்தேன்னு பேசுற பொண்ணுன்னு நீதானேடி சொன்னே?"

"ஆமா. நான்தான் திருத்திக்கிட்டு இருக்கேன்."

"உனக்கே தட்டுத்தடுமாறி வருது. இதுல நீ டீச்சரா?"

மாதிரித் தேர்வில் ஒரு வார்த்தை வராமல், அழுதுகொண்டே வெளியே ஓடியவள் பெக்கா. கல்லூரியில் அவள் கேட்டிருந்த நர்சிங் படிப்புக்கு வெல்ஷிலும் மதப் பாடத்திலும் நல்ல மார்க் வேண்டும். அந்த ஓட்டத்துக்கு அப்புறம் வகுப்பில் யாரும் அவளோடு ஜோடி சேர வரவில்லை. டெஸ்னி மட்டும்தான் கையைத் தூக்கினாள்.

"அவளையும் யாரும் சேர்த்துக்கலை, அதான் தூக்கியிருப்பா" என்று டெலித் அப்போதே சொல்லிவிட்டாள்.

"சரி, அது கிடக்கட்டும். மதப் பாடத்தை எடு. நான் கேக்கறேன்." இஸ்திரிப் பெட்டியை ஓரம் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். "அயலாரை நேசிக்கணும்கிறதைக் கிறிஸ்தவர்கள் வாழ்க்கையில எப்படிக் கடைப்பிடிக்கறாங்க? உதாரணம் சொல்லு."

"பலவீனமானவங்களை ஒதுக்காம கூடச் சேர்த்துக்குவாங்க."

"சரியான பதில். நாளைக்கு முதல் வேலையா அந்தப் பொண்ணைக் கழட்டி விடறோம்."

பெக்கா அம்மாவையே பார்த்தாள். "அம்மா, நான் இப்போ சொன்னது உன் காதுல விழுந்துதா?"

டெலித் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள்.

மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றுவிட்டாள்.

வெல்ஷ் டீச்சர் மிஸ் ப்ரோசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு வெல்ஷ் வருமா, டெலித்?"

"பஸ்ல எழுதியிருக்கிற நாலு வார்த்தையோட சரி, மிஸ். எங்க தெருவுல எல்லாரும் இங்கிலீஷ்தான், யாருக்குத்தான் வருது? அதான் சொல்றேன். நல்லாப் பேசற பிள்ளை யாரையாவது என் பொண்ணு பக்கத்துல உட்கார வைங்க."

மிஸ் ப்ரோசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார்.

"தேர்வு முடியட்டும். அப்புறம் வந்து என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு டெலித்துக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தேர்வு நாளன்று மழை. பள்ளிக்கூட நிறுத்தத்தில் டெலித் பஸ்ஸை நிறுத்தியபோது, குடைகூட விரிக்காமல் குதித்துக்கொண்டு நின்றாள் பெக்கா. கதவு திறந்ததும் ஏறி வந்து அம்மாவின் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"பேசிட்டேம்மா! முழுசாப் பேசிட்டேன்!"

"நிஜமாவா?"

"முதல்ல ஒரு வார்த்தைகூட வரலை. அவ்வளவுதான், எழுந்து ஓடிடலாம்னு நினைச்சேன். அப்போ பார்த்து டெஸ்னி, 'நேத்து பாரி கடற்கரைக்குப் போவேன்'னா! எனக்குப் பொறுக்கலை. 'போவேன் இல்லடி, போனேன்'னேன். 'நீ போனியா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான், பொரிச்ச மீன், கடல்பறவை பிடுங்கிட்டுப் போனதுன்னு எங்கே நிறுத்தினேன்னே தெரியலை. மிஸ் ப்ரோசர் சிரிச்சுட்டாங்க!"

டெலித்துக்குக் கண் கலங்கிவிட்டது. முன்சீட்டுக் கிழவர் கைதட்டினார். பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே எறிந்த மாதிரி இருந்தது.

"பாவம், டெஸ்னிக்குத்தான் அந்தத் தப்புக்கு மார்க் போயிருக்கும்" என்றாள் பெக்கா.

"நீ சொல்லிக்கொடுத்ததாலதான் அவ இந்த மட்டுமாவது தேறினா" என்றாள் டெலித் பெருமையாக. "போனாப் போகுது, ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வா."

மதப் பாடம் படிக்கணும் என்று பெக்கா வீட்டு முனையில் இறங்கி ஓடினாள். டெலித் அடுத்த நடைக்காகப் பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தியபோது, நனைந்த தலையோடு டெஸ்னி ஏறினாள். காதில் போன். பாஸைக் காட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. அவள் போனில் பேசியது முன்னால் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மடமடவென்று, மூச்சு விடாமல், நடுநடுவே சிரித்துக்கொண்டு பேசினாள்.

டெலித் இன்ஜினை அணைத்தாள். எழுந்து போய் அவள் முன்னால் நின்றாள்.

"நீ பேசினது... வெல்ஷா?"

டெஸ்னி சட்டென்று போனை மடியில் மறைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்பாகிட்ட, ஆன்ட்டி. வீட்ல நாங்க வேற எதுவும் பேசறதில்லை."

"அப்போ இத்தனை நாளா பெக்காகிட்ட நீ..."

"அவகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். நான் தப்பாப் பேசினாத்தான் அவளுக்குப் பேச்சே வருது."