கொக்கியில் ஒரு சுவர்

சுவர் காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

கான்கிரீட்டில் வார்த்து எடுத்த முழுச் சுவர். கிரேனின் கொக்கியில் தொங்கியது. அதன் ஜன்னல் ஓட்டையில் ஒரு துண்டு வானம் வருவதும் போவதுமாக இருந்தது.

ஆபரேட்டர் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தான். காற்று கூடிவிட்டது என்று அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. சுமை தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவன் கூண்டைவிட்டு இறங்கக் கூடாது. மாற்று ஆளும் வரவில்லை.

இடதா வலதா, ஏற்றவா நிறுத்தவா என்று கீழே இருப்பவர்கள் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, அவன் மண்டைக்குள் இருந்ததை யாரோ கரண்டியால் வழித்து எடுத்துவிட்டது போலிருந்தது.

கீழே, சுவரைத் திருப்பும் கயிற்றைப் பிடித்து நின்றவன் அவன் மனைவியின் தம்பி. பின்னால் சாரம். சுவர் வீசினால் ஒதுங்க இடமில்லை.

ஆட்களை விலக்கிவிட்டு, காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அது ஆபரேட்டருக்குத் தெரியும். ஆனால் வேறு யாருக்கோ தெரிந்த விஷயம் போல அது தள்ளி நின்றது.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாமா, தூங்கிட்டீங்களா? இங்க அண்ணாந்து பாத்தே எல்லாருக்கும் கழுத்து சுளுக்கிடுச்சு. அக்காகிட்ட போட்டுக் குடுக்கவா?"

சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படி என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அப்போது அலாரம் நின்றது.

கூண்டுக்குள் அமைதி இதமாகப் பரவியது. இனி அவன் எதையும் முடிவு செய்ய வேண்டாம். காற்றே முடிவு செய்துவிட்டது.

வலது கை லீவரைத் தள்ளியது.

பாதி வழியில் சுவர் ஒருமுறை வீசியது. கயிறு விறைத்தது. மைத்துனன் சாரத்தோடு சாரமாக ஒட்டிக்கொண்டான். முகத்துக்கு முன்னால் வந்து நின்ற சுவர், பிறகு சாதுவாக இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.

யாரோ கைதட்டினார்கள்.

"உயிரே போயிட்டு வந்துச்சு மாமா. ஆனா சத்தம் நிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்தீங்க பாருங்க, அதுதான் நீங்க. அடுத்ததை மாட்டிடவா?"

ஆபரேட்டர் காற்றுமானியைப் பார்த்தான். முள் சிவப்பிலேயே இருந்தது.

அலாரத்தை அடக்கும் பொத்தானின் மேல் ஒரு கட்டைவிரல் அழுந்தியிருந்தது. அவனுடைய இடது கட்டைவிரல். எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

கொக்கி இப்போது காலி. ஏணி காலடியில்தான் இருந்தது.

வேண்டாம் என்றால், மைத்துனன் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"ம்," என்றான். "மாட்டு."