பன்னிரண்டு நத்தைகள்

"இதை எழுதினவனைக் கூப்பிட்டு முட்டி போட வைக்கணும்!"

உயிரியல் சங்கத் தலைவர் சிவப்புப் பேனாவை மேசைமேல் வீசினார். எதிரே உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்தார். முப்பது வருடமாகச் சங்கத்தின் உறைகளை ஒட்டியே பழகியவர் என்பதால் அவருக்குப் பெயரே 'கோந்து'.

"அவ்வளவு மோசமாங்கய்யா?"

"ரெண்டாம் பக்கத்துல அறுபது நத்தை. அஞ்சாம் பக்கத்துல எழுபத்திரெண்டு. நடுவுல பன்னிரண்டு எங்கேருந்து வந்துச்சு? கோடை பூரா ஓட்டுக்குள்ள தூங்குதுன்னு இவனே எழுதறான். தூக்கத்துலயே முட்டை போட்டுப் பொரிச்சிருச்சா?"

கோந்து சிரிப்பை விழுங்கினார்.

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொட்டியையாவது ஈரமா வச்சிருக்க வேணாமா? வெப்பமானியை நிழல்ல வச்சானா, வெயில்ல வச்சானா? ஒரு வரி கிடையாது. விஷயம் நல்ல விஷயம்ப்பா. அதான் வயித்தெரிச்சலே."

சும்மா சொல்லக் கூடாது, தலைவர் உழைத்திருந்தார். தனித் தாள்களில் நான்கு பக்கம் நிறையத் திருத்தம்.

கட்டுரை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததே அவர்தான். அதற்கு முன்பெல்லாம் பெரிய மனிதர் எழுதினால் நேரே அச்சுக்குப் போகும். பேர் தெரியாதவன் எழுதினால் நேரே குப்பைக் கூடைக்குப் போகும். "முகத்தைப் பார்க்காதே, வேலையைப் பார்!" என்று தலைவர் துண்டறிக்கை அடித்தார். சங்கத்து வாசலில் வெயிலில் நின்று கொடுத்தார். பொதுக்குழுவில் மூன்று மணி நேரம் தொண்டை வறளக் கத்தினார். ஜெயித்தார்.

அன்றிலிருந்து, எழுதியவரே தன் பெயரைத் தனி உறையில் வைத்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். யார் மதிப்பிடுவது என்பதற்குத் தகர டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுப்பார்கள். தீர்ப்பில் கையெழுத்து விழுந்த பிறகுதான் உறை பிரியும்.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது தலைவருக்கு மேடைக்கும் மைக்குக்குமே நேரம் போதவில்லை. தன்னுடைய ஆய்வுக்கூடத்தில் கால் வைத்தே எட்டு மாதம் ஆகிறது.

"கொஞ்சம் பதமா எழுதுங்கய்யா," என்றார் கோந்து. "இந்த இதழ்ல வரலேன்னா இனி அடுத்த வருஷம்தான். யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."

"விஞ்ஞானத்துல பாவபுண்ணியம் கிடையாதுப்பா. சங்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? தட்டிக் குடுக்கவா? தட்டிக் கேக்க!"

"சரிங்க. அப்புறம், பேனர்காரர் வெளியில நிக்கறார். உங்க பாராட்டு விழாவுக்கு 'நூறு கட்டுரை கண்ட மேதை'ன்னே போட்டுடலாமான்னு கேக்கறார். அச்சுல வந்தது தொண்ணூத்தொம்பதுதானேங்க?"

"போடச் சொல்லு. நூறாவதையும் குடுத்தாச்சு. எவனோ ஒரு சோம்பேறிகிட்ட மாட்டிக்கிட்டிருக்கு. விழாவுக்குள்ள கையெழுத்துப் போட்டுருவான்."

தொலைபேசி அடித்தது. தலைவரின் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் பெண்.

"ஐயா, அடுத்த கட்டுரையையாவது ஒரு பத்து நிமிஷம் பார்த்துச் சொன்னீங்கன்னா..."

"நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும். எம்பேரை முதல்ல போட்டு அனுப்பிடு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தலைவர் பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்:

'இதை எழுதியவர் இதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. நிராகரிக்கிறேன்.'

கையெழுத்து. அதற்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு.

"இப்பப் பிரி உறையை. அந்த மகானுபாவன் யாருன்னு பார்ப்போம்."

கோந்து பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தாளைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலில் தலைவரின் பெயர். அதற்குக் கீழே, சற்று முன் தொலைபேசியில் பேசிய பெண்ணின் பெயர்.

"இது... இதை நான் எழுதவே இல்லையேய்யா!"

"படிக்கவும் இல்லேன்னு நீங்களே எழுதியிருக்கீங்கய்யா."

"என் கட்டுரை எனக்கே எப்படி வரும்? அதைத் தடுக்கச் சட்டத்துல ஒரு வரி வேணாமா?"

"நான் அன்னிக்கே கேட்டேங்க. 'பெத்த பிள்ளை எதிர்ல வந்து நின்னா அடையாளம் தெரியாமப் போயிருமா? போய்யா'ன்னு நீங்கதான் அந்த வரியை அடிச்சுட்டீங்க."

தலைவரின் கை தீர்ப்பை நோக்கி மெல்ல நகர்ந்தது. கோந்தின் கை முந்திக்கொண்டது.

"கையெழுத்துக்கு அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாத்தக் கூடாதுங்க. அதுவும் உங்க சட்டம்தான். பேனர்காரர்கிட்டத் தொண்ணூத்தொம்பதுன்னே சொல்லிடறேன்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நான் என்னய்யா பதில் சொல்வேன்?"

கோந்து சிவப்பு மை நிறைந்த நான்கு பக்கங்களையும் பத்திரமாக மடித்தார். உறையில் வைத்து, அந்தப் பெண்ணின் முகவரியை எழுதி, வழக்கத்தைவிட அழுத்தமாக ஒட்டினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்கய்யா. மூணு வருஷமா அது உங்ககிட்டக் கேட்டுக்கிட்டிருந்தது இதைத்தான்."