இனிஷியல் இல்லாத வரி

ரத்த வங்கியின் பழைய தரவுத்தளத்திலிருந்து கொடையாளர் பெயர்களைப் புதியதில் சேர்ப்பது ஸ்கிரிப்ட் என்ற குட்டிக் கணினி நிரலின் வேலை. "உள்ளே போகாததை விட்டுவிட்டு மேலே போ" என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள்.

நாலாயிரம் வரிகள் ஒழுங்காகப் போயின. அடுத்ததைப் புதியது தடுத்தது.

"இனிஷியல் எங்கே? அந்தக் கட்டம் காலியாயிருந்தா வாங்க மாட்டேன்."

"வெறும் மாரிக்கண்ணுன்னுதான் எழுதியிருக்காங்க."

"அப்ப விட்டுடு. ஒரு ஆள்தானே!"

ஸ்கிரிப்ட் பழையதைத் திரும்பிப் பார்த்தது. "விட்டுடவா?"

"நீ போனதும் என்னை அழிச்சுடுவாங்க. அப்புறம் இந்தம்மா பேர் எங்கேயும் இருக்காது" என்றது பழையது. "பாம்பே குரூப், ரொம்ப அபூர்வமான ரத்தம். கூப்பிட்ட பதினொரு தடவையும் வந்திருக்காங்க."

ஸ்கிரிப்ட் நகரவில்லை. திரையில் சிவப்பாக, 'மாரிக்கண்ணு, பாம்பே குரூப், இனிஷியல் இல்லை' என்று ஒரு வரியை எழுதிவிட்டு அங்கேயே நின்றது.

டீயும் கையுமாக வந்த பொறியாளர் தேன்மலர் அதைப் படித்தாள். இனிஷியல் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டாள். மாரிக்கண்ணு உள்ளே போனார்.

மறுநாள் காலை புதியதிடம் முதல் கேள்வி வந்தது. பிரசவ வார்டிலிருந்து அவசரம், பாம்பே குரூப் யாராவது உண்டா?

அது தன்னிடமிருந்த அத்தனை பேரையும் தேடிப் பார்த்தது.

"ஒருத்தங்க இருக்காங்க" என்றது, குரலைத் தாழ்த்தி.