சனிக்கிழமைப் பால்

அடுப்பங்கரைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா கருகுது?" என்று கேட்டாள் வெர்னா. கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"பால் பொங்கிடுச்சுடி," என்று உள்ளிருந்தே சொன்னாள் அவள் அம்மா அடேல். சனிக்கிழமையானால் அந்த வீட்டில் பால் பொங்கிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து அடேல் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மகளின் காலடியில் பெட்டி இருந்தது.

"அப்போ முடிவே பண்ணிட்டியா?"

"ரூஃபஸ் கீழ பஸ் நிக்கிற இடத்துல நிக்கிறாரு. மேல வர வேணாம்னு நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை கோர்ட்ல கல்யாணம்."

ரூஃபஸ் கறுப்பன். பார்வையற்றவர்கள் துடைப்பம் கட்டும் கூடத்தில் வெர்னாவுக்கு வேலை. அங்கே லாரியில் கட்டு ஏற்றுகிறவன் அவன். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பனி கொட்டிய ஒரு நாள் அவளைச் சாலை தாண்டிக் கொண்டுபோய் விட்டான். மறுநாளும் விட்டான். அப்படியே ஆகிவிட்டது.

அடேல் கத்தவில்லை. பெரிய கடையில் கையுறை விற்கிறவள். வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினாள்.

"வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு விட்ட வீடு இது. விஷயம் தெரிஞ்சா வீட்டுக்காரன் சாமானைத் தெருவுல வீசுவான். கடையில என்னை ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டாங்க."

"அதான் நான் போறேன்மா. உனக்குத் தொந்தரவு வேணாம்."

"உங்கப்பா கலரு உனக்கு. உங்கப்பா முடி, பட்டு மாதிரி. எல்லாத்தையும் கொண்டுபோய் அவங்க தெருவுல கொட்டப்போற."

"கலருன்னா எனக்கு நீ சொல்லித்தானே தெரியும்."

"அந்தத் தெருவுல அவனுக்குப் பொண்ணே கிடைக்கலையா? கண்ணு தெரியாதவதான் ஏமாறுவான்னு வந்திருக்கான்."

கீழே ஒரு பஸ் வந்து நின்றது. போய்விட்டது.

"கண்ணுதான் இல்ல, மூக்குமா இல்ல உனக்கு?" என்றாள் அடேல். "அவங்க வீட்டு வாடையே வேறடி. ஒரு நாள் உள்ள போய்ப் பாரு. தன்னால திரும்பி ஓடி வருவ."

வெர்னா கோட்டுப் பொத்தானைத் தடவித் தடவிப் போட்டாள். அவசரமே இல்லை.

"போனேன்மா. போன சனிக்கிழமை, அவரோட அக்கா ஒடெஸா வீட்டுக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"அடுப்புல என்னவோ கருகுச்சு. என்னன்னு கேட்டேன். 'நாளைக்கு சர்ச்சுக்குப் போகணும்ல கண்ணு, இரும்புச் சீப்பைச் சுட வெச்சு எங்க சுருட்டை முடிய நிமித்துறேன். எண்ணெயும் முடியும் சேர்ந்து தீயுது. கறுப்புப் பொம்பளைங்க வீட்ல சனிக்கிழமைன்னா இதுதான். உங்க வெள்ளைக்காரி வீட்ல எல்லாம் இது எங்க இருக்கப்போகுது'ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அடேலின் கை தலைத்துணிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அதுக்கு இப்ப என்னடி?"

வெர்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நம்ம வீட்ல பால் பொங்குற வாசனைம்மா அது."