ஒன்பது ஓட்டைகள்

அந்தக் கரையான் புற்றின் உச்சியில் ஒன்பது ஓட்டைகள் இருந்தன. அவை எதற்கென்று எந்தக் கரையானும் யோசித்ததில்லை.

"இது வழியா எறும்பு வந்துட்டா நாம எல்லாரும் செத்தோம்!" என்று காவல்காரக் கரையான் ஒருநாள் நடுங்கியது. கொத்தனார் கரையான் உடனே மண்ணைக் குழைத்து ஐந்து ஓட்டைகளை அடைத்தது.

மறுநாள் புற்றுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அடியறையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. ஒன்றின் உடம்பிலும் கடித்த தடமே இல்லை.

"ஐயோ, கடிக்காமலே கொல்லுதே! இது என்ன மாதிரி எறும்பு?" என்று காவல்காரக் கரையான் அலறியது. "எப்படி உள்ளே வந்துச்சுன்னே தெரியலையே!"

"பயப்படாதே" என்றது கொத்தனார் கரையான், மூச்சுத் திணறத் திணற மண்ணைக் குழைத்தபடி. "இன்னும் நாலு ஓட்டைதான் பாக்கி."