ஆள் புழங்கும் வீடு

“மழைக்குத் தண்ணி நிக்குமாக்கா?”

“நிக்கும்,” என்றாள் பொன்னுத்தாய். “ஐப்பசியில வாசப்படி வரைக்கும் வரும்.”

கேட்ட பிரகதீஸ்வரி, கணவன் செந்தில்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டைக் காட்ட அவர்களைக் கூட்டிவந்த துரைராசுவுக்கு முகம் வெளிறிவிட்டது.

இன்றைக்கு இந்த வீட்டை விலைபோக விடக் கூடாது என்று காலையில் வாசல் தெளிக்கும்போதே பொன்னுத்தாய் முடிவு கட்டியிருந்தாள். விற்றால் நாளைக்கே காலி செய்ய வேண்டும். பத்து மாதத்தில் இந்த வீடு அவளுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. நாலு மணியானால் மேற்கு ஜன்னலின் நீலத் திரை காற்றில் உப்பும். கூடத்துத் தரையெல்லாம் வாய்க்கால் தண்ணீர் போல நீல வெளிச்சம் அலையும். அதில் காலை நீட்டிப் படுத்தால், வீடே ஓடமாகி, மிச்சமிருக்கும் வயல்களின் மேல் மெல்ல மிதந்து போவது போலிருக்கும்.

“பாம்பு கீம்பு வருமா?” என்றான் செந்தில்குமார்.

“வரும். அதுக்கு இது வயல்னுதானே தெரியும், நகர்னு யாரு சொன்னா?”

அவன் சிரித்துவிட்டான்.

“பள்ள வயலு தம்பி. முழங்கால் சேறு. நானே நட்டிருக்கேன்.”

“அட, சொந்த நிலத்துலயே வீடு கட்டிக்கிட்டீங்களா?”

“நட்டது நான். கட்டினது எங்க வீட்டுக்காரரு.” கணவன் ரெத்தினத்தின் நினைப்பு வந்ததும் அவள் குரல் குழைந்தது. “ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிப் பாத்து வச்சாரு…” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஆனா சமையக்கட்டுல புழுக்கம் தாங்காது.”

“வந்தவங்களுக்கு மோர் கொண்டாம்மா முதல்ல!” என்று பல்லைக் கடித்தார் துரைராசு.

மோரை வாங்கிக்கொண்டு பிரகதீஸ்வரி ஜன்னலடியில் உட்கார்ந்தாள்.

“வலங்கைமான்லேருந்து வர்றோம்க்கா. பொண்ணுக்கு இங்க காலேஜ். டவுனுக்குள்ள விலை கேட்டா தலை சுத்துது. வாடகைக்குப் போனா என்ன ஆளுங்க, எத்தனை பேருன்னு ஆயிரம் கேள்வி. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா வீடு பாக்குறதே பொழப்பாப் போச்சு.”

பொன்னுத்தாய்க்கு மனம் இளகியது. இருந்தாலும், “கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும்மா,” என்றாள்.

மணி நாலாயிற்று. திரை உப்பியது. நீல வெளிச்சம் நகர்ந்துவந்து பிரகதீஸ்வரியின் பாதத்தை நனைத்தது. வெளியே வயலுக்கு மேல் கொக்குக் கூட்டம் ஒன்று சத்தமில்லாமல் கடந்தது.

“இந்த வீடுதாங்க,” என்றாள் பிரகதீஸ்வரி கணவனிடம், தூக்கத்தில் பேசுவது போல.

“இவ்வளவு சொல்லியுமா?” என்றாள் பொன்னுத்தாய்.

“பதினாலு வீடு பாத்துட்டோம்க்கா. எல்லாரும் தேனாப் பேசினாங்க. குறையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதுவும், குறை சொல்லச் சொல்ல உங்க கை இந்தச் சுவத்தைத் தடவிக்கிட்டே இருக்கு.”

பொன்னுத்தாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அவர்களின் பைக் தெருமுனை திரும்பியதும் துரைராசு அவளைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

“பயந்தே போயிட்டேன் பொன்னுத்தாயி. கடைசியில என்னா சாமர்த்தியம்! பின்தெருவுல உன் புருசன் எனக்குக் கட்டுற வீட்டுக்குப் பூச்சு முடிஞ்சிருச்சு. நாளைக்கே அங்க போய் விளக்கேத்தி அடுப்பு மூட்டிடுங்க. நான் பூட்டி வச்சிருக்குற வீடு ஒண்ணும் போகல. உங்களைக் குடிவச்ச எட்டும் வித்துருச்சு பாரு!”

பொன்னுத்தாய் ஸ்டூலில் ஏறி நீலத் திரையைக் கழற்றினாள். ஒன்பதாவது வீட்டுக்கும் அது பொருந்தும். எல்லா வீட்டிலும் மேற்கு ஜன்னலை ரெத்தினம் அந்தத் திரையின் அளவுக்குத்தான் வைத்திருந்தான்.